கைப்பிடி இல்லாத வேன்

இன்றைக்கு இந்த மைதானத்தில் இருக்கிறவர்கள்: தரையை உரசுகிற அளவுக்குத் தாழ்த்திய கருநீல அம்பாசடரில் வந்த கணவன் மனைவி இரண்டு பேர், கூரையை அறுத்தெடுத்த மஞ்சள் பியட்டில் வந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், என் மார்பு உயரத்துக்குச் சக்கரம் போட்ட ஜீப்பில் வந்த பையன்கள் நான்கு பேர், சிவப்பு ஹெரால்டில் வந்த டாக்டர் வசுமதியும் அவர் வீட்டுக்காரரும் இரண்டு பேர், காண்டெஸாவில் தனியாக வந்த பேங்க் மேனேஜர் ஒருவர், ஆமை மாதிரி முதுகு வளைந்த பச்சைக் காரில் வந்த அப்பாவும் மகளும் இரண்டு பேர், டீக்கடையாக மாற்றிய மூன்று சக்கர டெம்போவில் வந்த கூட்டாளிகள் இரண்டு பேர், வீடாக மாற்றிய வானநீல மெட்டடார் வேனில் வந்த குடும்பம் ஐந்து பேர், கறுப்பு மெட்டடார் வேனில் வந்த நவநீதனும் அவன் அம்மாவும் இரண்டு பேர். ஒன்பது வண்டி, இருபத்திரண்டு பேர். பழைய வண்டிச் சங்கத்துக்காரர்கள் மூன்று, மார்க் போடுகிற நடுவர்கள் இரண்டு, போட்டோ எடுக்கிற ஜெரால்டு, மைக்செட்காரர், கேட்டில் வாட்ச்மேன் காளியப்பன், சாப்பாட்டு ஆர்டர் எடுத்த என் தங்கச்சி மகள் சுகந்தி, சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற நான். ஆக முப்பத்திரண்டு. பொட்டலமும் முப்பத்திரண்டு. எனக்கும் சுகந்திக்கும் இரண்டைக் கூடையில் எடுத்து வைத்தேன். மேசையில் முப்பது இருந்தது. இப்போது மணி பன்னிரண்டு முப்பத்தைந்து. மேசையில் ஒன்றும் இல்லை. கணக்கு சரியாக வந்துவிட்டது. அதுதான் பயமாக இருக்கிறது.

தவறி வந்திருந்தால் பயமில்லை. ஒன்று மிச்சம் இருந்தால் யார் சாப்பிடவில்லை என்று கேட்டுக்கொண்டு போகலாம், யாரும் என்னைப் பைத்தியம் என்று சொல்ல மாட்டார்கள். சரியாக வந்த கணக்கில்தான் ஆள் காணாமல் போக இடம் இருக்கிறது. முப்பது கை நீண்டது, முப்பது பொட்டலம் கொடுத்தேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு முகங்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் இருபத்தொன்பதுதான் வருகிறது. மறுபடி நிறுத்துகிறேன். அம்பாசடர் இரண்டு, பியட் இரண்டு, ஜீப் நான்கு. இருபத்தொன்பது. நவநீதனுடைய அம்மா வரவில்லை. பச்சைச் சேலை, இலைப் பச்சை, நெற்றியில் விபூதி, வயது எழுபதை ஒட்டி இருக்கும். காலையில் அந்த அம்மா என்னிடம் ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்தார், உப்புப் பற்றவில்லை என்று சொன்னார், சொன்னது சரிதான். அப்புறம் அவரைப் பார்த்தது பதினொன்று நாற்பத்தெட்டுக்கு, கறுப்பு வேனின் பின்கதவுக்குப் பக்கத்தில். பார்த்தேனா? பச்சையைப் பார்த்தேன். ஒரு முழம் பச்சை. குனிந்து பொட்டலக் கட்டை அவிழ்த்து நிமிர்ந்தபோது கதவு மூடியிருந்தது, பச்சை இல்லை. அந்தக் கதவு மூடும்போது சத்தமே வருவதில்லை. பழைய வேன் கதவு மூடினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். இது உதட்டைச் சேர்த்துக்கொள்கிற மாதிரி மூடுகிறது.

அந்த வேனுக்குக் கைப்பிடி கிடையாது. அதுதான் அதன் அழகாம். நவநீதன் காலையிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் அதையேதான் சொல்கிறான். முன்கதவு இரண்டு, பக்கத்துக் கதவு ஒன்று, பின்கதவு ஒன்று, நான்கிலும் கைப்பிடியை அறுத்தெடுத்து, ஓட்டையைத் தகடு வைத்துப் பற்றவைத்து, பட்டி பூசித் தேய்த்து, ஏழு கோட்டிங் கறுப்பு அடித்திருக்கிறான். உள்ளேயும் கைப்பிடி இல்லை, மெத்தை வைத்துத் தைத்துவிட்டான். ரிமோட்டை அமுக்கினால் திறக்கும், அமுக்கினால் மூடும். கண்ணாடிகளில் உள்பக்கம் கருப்பாகக் கூலிங் பேப்பர். முன்சீட்டுக்குப் பின்னால் தகட்டுத் தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் ஒரு கட்டில். அவன் அப்பா ஓட்டிய வண்டி. காலையில் பத்து மணிக்கு அம்மாவும் மகனும் இந்த மேசைக்கு முன்னால் நின்றுதான் சண்டை போட்டார்கள். நான் டம்ளர்களை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டேன். "இருபத்தஞ்சு வருசம் அவரு கை புடிச்ச புடிடா அது. அறுத்து எங்கடா போட்டே?" என்றார் அந்த அம்மா. "பழைய இரும்புக்காரன்கிட்டப் போட்டேன். இப்ப அதை வச்சு என்ன பண்றது?" என்றான். "நான் ஆட்டோ புடிச்சுப் போறேன். உன் வண்டில இனி ஏற மாட்டேன்." "போம்மா, போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு." ஆனால் அந்த அம்மா போகவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் வாகை மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பதினொன்று நாற்பதுக்கு நவநீதன் எல்லாக் கதவையும் திறந்து, ஏசியைப் போட்டு, பியட் அண்ணன் தம்பிக்கு முன்பக்கத்தைக் காட்டினான். அப்போது பின்கதவும் திறந்திருந்தது. குளிர்ந்த காற்று என் மேசை வரைக்கும் வந்தது. முழங்கால் வலிக்கிற ஒருவர், வெயில் நேரம், எதிரே கட்டில், குளிர்ந்த காற்று. ஏற மாட்டேன் என்று சொன்னதெல்லாம் அந்த நேரத்தில் நினைவுக்கு வருமா? பதினொன்று ஐம்பதுக்கு அவன் என்ஜினை நிறுத்திவிட்டு ரிமோட்டை அமுக்கினான். சங்கத்து விதி, பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரைக்கும் எந்த என்ஜினும் ஓடக்கூடாது, நடுவர்கள் பெயின்ட் பார்க்கிற நேரம். வேனுக்கு அடியில் ஊதா விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பட்டப்பகலில் எதற்கு என்று நினைத்தேன். பன்னிரண்டு பத்துக்கு அதுவும் அணைந்துவிட்டது. யாரும் அணைக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன், பக்கத்தில் யாரும் இல்லை.

வாகை மரத்து நிழல் பதினொன்று ஐம்பதுக்கு வேன் முழுவதையும் மூடியிருந்தது. இப்போது முன்சக்கரம் வெயிலில் இருக்கிறது, பின்சக்கரம் நிழலில் இருக்கிறது. நிழல் போகிற வேகம் பத்து நிமிஷத்துக்கு ஒரு முழம் மாதிரி தெரிகிறது. கறுப்பு வெயிலைக் குடிக்கும். அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது, தொட்டால் ரேகை பதிந்து மார்க் போய்விடும், தொடாதீர்கள் என்று அட்டை வைத்திருக்கிறான். அந்த ஏழு கோட்டிங்கில் ஆள் தெரிகிறது. பதினைந்து நிமிஷம் முன்னால் தண்ணீர் கேன் தூக்கப் போனபோது பக்கவாட்டில் பார்த்தேன். வேனுக்கு முன்னால் நின்றவர்கள் நான்கு பேர், கறுப்பில் தெரிந்தவர்கள் ஐந்து. ஐந்தாவது நானாக இருக்கும். நானாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் நான் கேனைத் தோளில் வைத்திருந்தேன், கறுப்பில் இருந்த ஐந்தாவது ஆளின் தோளில் ஒன்றும் இல்லை. வளைந்த தகட்டில் எல்லாமே வேறு மாதிரிதான் தெரியும். இதை சுகந்தியிடம் சொல்ல முடியாது. "மாமா, இன்னிக்கு மட்டும் எண்ணாதீங்க. பெரிய எடத்து ஆர்டர். உங்க கையைப் புடிச்சுக் கேட்டுக்கறேன்" என்று வரும்போதே சொல்லிவிட்டாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான்கு தடவை நான் அவளை அவமானப்படுத்தியிருக்கிறேன். ஒரு கல்யாண பஸ்ஸைப் பாதி வழியில் நிறுத்தி எல்லாரையும் இறக்கினேன், மாப்பிள்ளை உட்பட ஐம்பத்தொரு பேர், எல்லாரும் இருந்தார்கள். ஒரு பள்ளிக்கூட வேனின் பூட்டைக் கல்லால் உடைத்தேன், உள்ளே ஒரு தண்ணீர் பாட்டில்தான் இருந்தது. மற்ற இரண்டை நினைக்கவே கூசுகிறது. அதனால்தான் இப்போது எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். கால் எழுகிறது, முகம் எழ மாட்டேன் என்கிறது. எழுந்துபோய் உள்ளே ஒன்றும் இல்லை என்றால் ஐந்தாவது தடவை. உட்கார்ந்தே இருந்து உள்ளே இருந்தால்? அது இரண்டாவது தடவை.

முதல் தடவை சனிக்கிழமை. நான் பஞ்சு மில் வேனில் கிளீனர், வயது இருபத்தெட்டு. இதே மெட்டடார் வேன், நிறம் மட்டும் வெள்ளை. பகல் ஷிப்ட் விட்டதும் பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அன்னூர்ப் பக்கத்து ஊர்களில் ஒவ்வொருவராக இறக்கிவிட வேண்டும். ஐந்தாம் வகுப்பு படித்தவனுக்குக் கொடுத்த வேலை இரண்டு: கதவைத் திறக்கிறது, எண்ணுகிறது. பக்கத்துக் கதவுக்கு உள்ளே கைப்பிடி கிடையாது, வண்டி நிற்பதற்கு முன்னால் இறங்குகிறார்கள் என்று கழற்றிவிட்டிருந்தார்கள், கிளீனர்தான் வெளியிலிருந்து திறக்க வேண்டும். ஏறும்போது தகட்டில் ஒரு தட்டு, இறங்கும்போது ஒரு தட்டு. ஏறினது பதினாறு தட்டு. இறங்கினது பதினாறு தட்டு. ஷெட்டில் விட்டு, பூட்டி, சாவியை ஆபீஸில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் குளித்தேன். கணக்கு சரியாக வந்த நாளில் ஒரு நிம்மதி இருக்கும், அது அன்றைக்கும் இருந்தது. ஞாயிறு ஷெட் திறக்கவில்லை. சித்திரை மாதம், ஷெட்டுக்குத் தகரக் கூரை. திங்கள் காலையில் கதவைத் திறந்தது நான்தான். ரஞ்சிதம் என்று பெயர். பத்தொன்பது வயது. காய்ச்சலோடு கடைசி சீட்டுக்கு அடியில் படுத்துத் தூங்கிப்போயிருக்கிறாள். எப்படி என்று எல்லாரும் கேட்டார்கள், போலீஸ் கேட்டது, மில் கேட்டது. எத்தனை பேர் ஏறினார்கள், பதினாறு. எத்தனை பேர் இறங்கினார்கள், பதினாறு. உண்மைதான். யார் யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வழியில் டிரைவர் தன் அண்ணியை ஏற்றிக்கொண்டார், பாதித் தூரம் போய் இறக்கிவிட்டார். வெளி ஆளை ஏற்றக் கூடாது என்பதால் ஏறும்போது நான் தட்டவில்லை. இறங்கும்போது கை பழக்கத்தில் தட்டிவிட்டது. ஒரு தட்டு. அப்படியானால் எல்லாரும் இறங்கியாகிவிட்டது, அவளும் இறங்கினாள், பிறகு அவளாகத்தான் திரும்பி வந்து வேனுக்குள் போயிருக்கிறாள் என்று முடிவு கட்டினார்கள். எதற்கு வந்தாள், யாரைப் பார்க்க வந்தாள் என்று பேச்சு கிளம்பியது. அந்தப் பேச்சு அவள் வீட்டு வாசலில் பல வருஷம் உட்கார்ந்திருந்தது. அவள் தங்கச்சிக்கு இரண்டு இடம் தட்டிப்போனது. நான் ஒன்றும் சொல்லவில்லை. டிரைவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், அவ்வளவுதான். நாற்பது வருஷம் ஆகப்போகிறது, டிரைவரும் போய்விட்டார், அவர் அண்ணியும் போய்விட்டார். அந்த ஒரு தட்டு எந்தக் கையிலிருந்து வந்ததோ அந்தக் கை மட்டும் இருக்கிறது, மேசை மேல், என் முன்னால், விரல் நகம் தானாகப் பலகையைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

பன்னிரண்டு நாற்பது. "என்னங் மாமா, மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?" என்று சுகந்தி கேட்டாள். டிரம்மைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். "அந்த நவநீதனோட அம்மா சாப்பிட வரலை" என்றேன். "பொட்டலம் மிச்சமா?" "இல்லை." "எல்லாம் போயிருச்சுல்ல. அப்புறம் என்னங்?" "போனதுதான் சரியாப் படலை." அவள் கழுவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமில்லை, களைப்பு. "மாமா, ஆரம்பிக்காதீங்க. ஒண்ணரை மணிக்குக் கெளம்பிரலாம்." நான் தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு எழுந்தேன். ஜெரால்டைப் பார்த்துவிட்டு வந்துவிடுவது, அவ்வளவுதான், போட்டோ எடுக்கிற பையனிடம் ஒரு வார்த்தை பேசுவதில் யாருக்கு என்ன அவமானம். காலையில் அவன் தொப்பி போட்டிருந்தான். பொட்டலம் கொடுத்த முகங்களில் ஒன்று தொப்பியோடு வந்தது, பின்னால் ஒன்று தொப்பி இல்லாமல், தலைமுடி ஈரமாக. "தம்பி, நீங்க சாப்பிட்டீங்களா?" என்றேன். இப்படிக் கேட்பதற்கே எனக்கு வியர்த்தது. "ரெண்டு சாப்பிட்டேங்க ஐயா. ஒண்ணு எனக்கு, ஒண்ணு இந்தக் கேமராவுக்கு. அதுக்கும் பசிக்குமில்ல." பக்கத்தில் இருந்த ஜீப் பையன்கள் சிரித்தார்கள். "தொப்பியைக் கழட்டிட்டு வந்தா உங்களுக்கு அடையாளம் தெரியாதுன்னு நெனச்சேன். கணக்கு வச்சிட்டீங்களா?" வைத்துவிட்டேன். அப்படியானால் முப்பதாவது முகம் இல்லை. அந்த அம்மா சாப்பிடவில்லை.

நவநீதன் நடுவர்களோடு ஹெரால்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். நான் நான்கடி தள்ளி நின்றேன். அவனாகப் பார்த்தால் பேசலாம் என்று நின்றேன், பார்க்கவில்லை, நிழலைத் திரும்பிப் பார்த்தேன், முன்கதவு வரைக்கும் வெயில் வந்துவிட்டது, பிறகு தொண்டையைச் செருமினேன். "என்னங்க?" "உங்க அம்மா எங்கீங்க?" "மரத்தடில காணோம், வீட்டுக்குப் போயிட்டாங்க. ஏனுங்க?" "போன் பண்ணிட்டாங்களா?" "கோவத்துல இருந்தா பண்ண மாட்டாங்க. நான் பண்ணாலும் எடுக்க மாட்டாங்க. ரெண்டு நாளைக்கு அப்படித்தான்." "வண்டிக்குள்ள ஒரு தடவை பாத்தரலாங்களா?" அவன் சிரித்தான், கெட்ட சிரிப்பு இல்லை. "பெரியவரே, ஒண்ணரைக்கு ஜட்ஜுங்க வந்து நிப்பாங்க, நான் பத்தடி தள்ளி நின்னு அமுக்குவேன், நாலு கதவும் ஒண்ணாத் தொறக்கும். அதுக்குத்தான் ரெண்டு வருசம் வேலை பாத்திருக்கேன். இப்ப தொறந்தா எல்லாம் போச்சு. எங்கம்மா அந்த வண்டில ஏற மாட்டேன்னு சொல்லிட்டாங்க, நீங்களே கேட்டிருப்பீங்க." கேட்டேன். கேட்டதை இல்லை என்று எப்படிச் சொல்வது. பச்சை என்று ஒரு முழம் பார்த்தேன் என்று சொன்னால் அது ஒரு சாட்சியா? சேலைக்காரர்கள் எத்தனை பேர், பச்சை எத்தனை. சரிங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். வேனைத் தாண்டித்தான் கேட்டுக்குப் போக வேண்டும். தாண்டும்போது காதை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டே நடந்தேன். மைக்செட்டில் பாட்டு பாடிக்கொண்டிருந்தது, பாட்டுக்கு அடியில் ஏதோ ஒன்று தட்டுகிற மாதிரி இருந்தது, தாளமாக இருக்கலாம், தாளத்தோடு சேராமலும் இருந்தது, நான் நின்றபோது அதுவும் நின்றது.

"பச்சைச் சேலை கட்டின அம்மாவா? போனாங்களே" என்றான் காளியப்பன். கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பொட்டலத்தின் இலையை மடித்துக்கொண்டிருந்தான். "எப்போ?" "பன்னெண்டுக்கு இருக்கும். வெளிய போயி எடதுகைப் பக்கமாத் திரும்பினாங்க. அங்கதான் ஆட்டோ நிக்கும்." உடம்பெல்லாம் இளகிவிட்டது. உட்கார்ந்துவிடலாமா என்று இருந்தது. போயாகிவிட்டது. ஜெரால்டு தின்றது அந்த அம்மாவின் பொட்டலம். முப்பத்திரண்டில் ஒருவர் வெளியே, முப்பத்தொருவர் உள்ளே, எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிட்டது. திரும்பி நடந்தேன். பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. வெயில் வேனின் நடுவுக்கு வந்திருந்தது, பின்சக்கரத்துக்கு மட்டும் கொஞ்சம் நிழல். பாவம், ஒரு வெறும் வண்டியைப் பார்த்து இத்தனை நேரம் பயந்திருக்கிறேன். ஒன்பது வண்டிகளும் முகப்பு விளக்குகளை விழித்துக்கொண்டு வட்டமாக நின்றன. இரண்டிரண்டாகப் பதினெட்டு விளக்கு, இல்லை, டெம்போவுக்கு ஒன்றுதான், பதினேழு. சுகந்தியிடம் போய் ஒன்றுமில்லை, அந்தம்மா போயிட்டாங்க என்று சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போய்க் குளிக்க வேண்டும். அந்த இடத்தில் கால் நின்றுவிட்டது. குளிக்க வேண்டும் என்ற நினைப்பில். இந்த நிம்மதியை எனக்குத் தெரியும். இதே எடை, இதே குளிர்ச்சி, சாவியை ஆபீஸ் ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பி நடந்தபோது முதுகில் இருந்தது இதேதான். எல்லாம் பொருந்துகிறது. அன்றைக்கும் எல்லாம் பொருந்தியது. யார் என்று கேட்கவில்லை. எத்தனை என்றுதான் கேட்டேன். திரும்பினேன். ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும், அறுபத்தேழு வயதில் அதற்குப் பெயர் ஓட்டமென்றால். "காளியப்பா, அந்த அம்மா நெத்தியில விபூதி இருந்துச்சா?" "நெத்தியெல்லாம் யாரு பாத்தா?" "கையில என்ன இருந்துச்சு?" அவன் யோசித்தான். இலையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான். "விளக்குமாறு" என்றான். "நம்ம மைதானத்துல கூட்டற பொன்னம்மா அது. காலைல அஞ்சு மணிக்கே வந்திருச்சு. ஏனுங்?" நாங்கள் வந்தது ஏழரைக்கு. எங்களுக்கு முன்னால் வந்தவள், என் கணக்கில் இல்லாதவள், வெளியே போயிருக்கிறாள். முப்பத்திரண்டில் யாரும் வெளியே போகவில்லை.

கை வைத்தேன். அட்டையைத் தாண்டி, ஏழு கோட்டிங்கின் மேல் உள்ளங்கை முழுவதையும் வைத்தேன். சுட்டது, எடுக்கவில்லை. கதவு எங்கே தொடங்குகிறது என்று தேடினால் ஒரு மயிரிழை மாதிரி கோடுதான் அகப்படுகிறது, நகத்தை விட்டால் நகம் போகவில்லை, பிடிக்க ஒன்றுமே இல்லை, அத்தனை பெரிய உடம்பில் ஒரு மனிதன் பிடிக்க ஓர் இடம் இல்லை. தட்டினேன். ஒரு தட்டு. காதை வைத்தேன். பாட்டு. "மைக்கை நிறுத்துங்க" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை, இருபது முப்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள், முகமெல்லாம் எரிந்தது, பாட்டு நின்றது. மறுபடி தட்டினேன். உள்ளே, மிகத் தாழ்வாக, கட்டில் உயரத்தில், ஒரு தட்டு. நவநீதன் ஓடிவந்தான், திட்டிக்கொண்டுதான் வந்தான், பாதி வழியில் அந்தச் சத்தம் அவனுக்கும் கேட்டுவிட்டது. ரிமோட்டை அமுக்கினான். மறுபடி அமுக்கினான். பத்தடியிலிருந்து, ஐந்தடியிலிருந்து, கதவில் ஒட்டிவைத்து. பன்னிரண்டு பத்துக்கு ஊதா விளக்கோடு பேட்டரியும் போயிருக்கிறது. பேட்டரி இல்லாமல் கதவு இல்லை. பேட்டரி இருக்கிற இடம் சீட்டுக்கு அடியில், கதவுக்கு உள்ளே. இதை அவன் வாய்விட்டுச் சொன்னான், யாருக்கோ பாடம் ஒப்பிக்கிற மாதிரி, பிறகு அம்மா, அம்மா என்று தகட்டை அடிக்க ஆரம்பித்தான். ஜீப் பையன் ஒருவன் கல்லோடு வந்தான். "கல்லு வேண்டாம், கட்டில் கண்ணாடிக்கு நேரா இருக்குது, மூஞ்சி மேல விழும்" என்றேன். "திருப்புளி குடு." நவநீதன் உடம்பையெல்லாம் மாற்றியிருந்தான், பின்பக்கத்துக் கண்ணாடியைச் சுற்றி ஓடுகிற ரப்பர் மட்டும் பழையது. அந்த ரப்பரை எனக்குத் தெரியும், மாதம் ஒரு தடவை துடைத்திருக்கிறேன். கீழ் மூலையில் திருப்புளியை விட்டு உதட்டைத் திருப்புகிற மாதிரி திருப்பிக்கொண்டே போக வேண்டும், அவசரப்பட்டால் கிழியும், கிழிந்தால் கண்ணாடி இறுகிக்கொள்ளும். ஒரு சாண். இரண்டு சாண். "பயப்படாதே ரஞ்சிதம், கண்ணாடிகிட்ட வராதே, இதா வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே திருப்பினேனாம். சுகந்திதான் பிறகு சொன்னாள். எனக்குத் தெரியாது. மூன்றாவது சாணில் கண்ணாடி அசைந்தது, ஜீப் பையன்கள் இரண்டு பேர் வாங்கிக்கொண்டார்கள், உள்ளேயிருந்து சூடு ஓர் ஆள் மாதிரி வெளியே வந்து என் மேல் மோதியது. ஒன்று ஐந்து.

சரோஜினி அம்மா உயிரோடு இருந்தார். அந்தப் பெயரையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன், டாக்டர் வசுமதி கன்னத்தைத் தட்டிப் பேர் என்ன, பேர் என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார், நான்காவது தடவை அந்த அம்மா தானே சொன்னார். மரத்தடியில் படுக்க வைத்து ஈரத் துணியாகப் போட்டார்கள், மோர் கொடுக்கப் போன சுகந்தியை டாக்டர் தடுத்தார். நாடி இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் பயமில்லை, இன்னும் கால் மணி நேரம் தாண்டியிருந்தால் தெரியாது என்றார். கதவு திறப்பதை ஒன்றரைக்கு என்று வைத்திருந்தான் நவநீதன். ஆம்புலன்ஸ் ஒன்று இருபத்திரண்டுக்கு வந்தது. ஏற்றும்போது அந்த அம்மா மகனுடைய கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு "வாந்தி எடுத்திட்டேன்டா, மெத்தையெல்லாம் போச்சு" என்றார். அவன் கையை விடவில்லை. அம்மா, மகன், டாக்டர், மூன்று பேர் போனார்கள். பரிசு கொடுக்கவில்லை. மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின, ஒருத்தரும் ஹாரன் அடிக்கவில்லை. ஜெரால்டு வந்து "எப்படிங்க ஐயா கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டான். கணக்கு சரியாக வந்ததால் என்று சொன்னேன். அவனுக்கு விளங்கவில்லை, காலைத் தொட்டுக் கும்பிடப் பார்த்தான், நான் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"ரஞ்சிதம் யாருங் மாமா?" என்று சுகந்தி கேட்டாள். மடக்கு மேசையின் கால்களை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள். கதை அவளுக்குத் தெரியும், எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், மில் வேன், ஒரு பெண், அதிலிருந்துதான் மாமாவுக்கு இந்த எண்ணுகிற வியாதி. பெயர் மட்டும் நான் சொன்னதில்லை. சொன்னேன். பிறகு, "அன்னிக்கு எறங்கினது பதினஞ்சு பேருதான் சுகந்தி. பதினாறாவது டிரைவரோட அண்ணி. அந்தப் புள்ள திரும்பி வரவே இல்லை. வண்டியை விட்டு எறங்கவே இல்லை" என்றேன். மேசைக்கு நான்கு கால், மூன்று மடிந்திருந்தது, நான்காவதைப் பிடித்தபடி அவள் குனிந்தே நின்றாள். "அவங்க வீட்டுல இது தெரியுமா?" "தெரியாது." "யாராச்சும் இருக்காங்களா?" "தங்கச்சி இருக்குது. அன்னூர்ல." "நாளைக்குப் போலாம்" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேசையைத் தூக்கிக்கொண்டு வெளியே நிறுத்தியிருந்த தன் ஆம்னிக்குப் போய்விட்டாள். மைதானத்தில் நானும் அந்த வேனும். பேட்டரி இல்லாததால் அது அங்கேயே நின்றது, பின்னால் கண்ணாடி இருந்த இடத்தில் இருட்டு. கழற்றின கண்ணாடியை வாகை மரத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள், உள்பக்கம் வெளியே தெரியும்படி. போய்க் குனிந்தேன். கூலிங் பேப்பரின் கருப்பில் வியர்வை காய்ந்து உள்ளங்கைகள் பதிந்திருந்தன. தூக்கிப் பிடித்த பையன்களுடையதாக இருக்கும் என்று பார்த்தால், அவர்கள் ஓரத்தைத்தான் பிடித்தார்கள். எண்ணினேன். ஏழு. அகலமான வலது கை, மோதிர விரலில் மோதிரம் அழுத்தின தடம், கீழிருந்து மேலே ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டே போகிறது, அது ஆறு. இன்னொன்று தனியாக, மேல் மூலையில். சின்னக் கை, ஒல்லியான விரல்கள், மோதிரம் இல்லை. என் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், என்னுடையது இல்லை. அதன் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. ஊதினேன், பறந்தது. பஞ்சு. மெத்தைப் பஞ்சாக இருக்கலாம். மறுபடி முதலிலிருந்து, விரலை வைத்து, நிதானமாக எண்ணினேன். ஏழு. சரோஜினி அம்மாவுடையது ஆறு. மீதி ஒன்று.